திப்புவின் மகன் குலாம் முஹம்மது: வேலூர்க் கோட்டையிலிருந்து கல்கத்தா வரை

கல்கத்தா என்று நம் முன்னோர் அழைத்து, இன்று கொல்கத்தா என வழங்கும் மாநகரின் நடுவே, சௌரங்கியும் தர்மதலாவும் கூடும் முனையில் பெரியதொரு பள்ளிவாசல் உள்ளது. வரிசையாக எழுந்து நிற்கும் குவிமாடங்களும் மூலைகளில் உயர்ந்த மினாராக்களும் கொண்டு, ஜும்ஆ நாளில் நிறைந்து வழியும் இறையில்லம் அது. திப்பு சுல்தான் பள்ளிவாசல் என்பது அதன் பெயர். வணிகத்தின் பொருட்டும் வேலையின் பொருட்டும் அந்நகருக்குச் சென்று வந்த தென்னாட்டார் பலர், மைசூர் வேங்கையாகிய திப்பு சுல்தானே அதனைக் கட்டினார் என்று எண்ணிக்கொள்வதுண்டு. ஆனால் வங்காளம் திப்புவின் ஆட்சிக்கு ஒருநாளும் உட்பட்டதன்று. அது அவருடைய பகைவரான கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தலைமையிடமாகவே இருந்தது. 1799ஆம் ஆண்டு அவர் போர்க்களத்தில் ஷஹீதாகி நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின், 1842ஆம் ஆண்டில் அப்பள்ளியைக் கட்டி எழுப்பியவர் அவருடைய இளைய புதல்வர்களுள் ஒருவராகிய இளவரசர் குலாம் முஹம்மது சுல்தான் ஆவார்.

தந்தையின் வீரம் பேசப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்குகூட மகனின் வாழ்வு பேசப்பட்டதில்லை. பேசுவோரும் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். வெள்ளையரை எதிர்த்து உயிர்நீத்தவரின் மகன், அதே வெள்ளையர் தந்த உபகாரச் சம்பளத்தில் வாழ்ந்து மறைந்தார் என்பதே அந்த வரி. செய்தி பொய்யன்று. ஆயினும் எழுபத்தேழு ஆண்டுகள் நீண்ட ஒரு வாழ்வை அந்த ஒரு வரியால் அளந்துவிட இயலுமா என்பது நம் கேள்வி. ஆகவே இவ்வாண்டு மலரில் அன்னாரின் வரலாற்றை நம் ஜமாஅத்தார் முன் வைக்கின்றோம்.

குலாம் முஹம்மது பிறந்தது 1795ஆம் ஆண்டு, மைசூர் அரசின் தலைநகராகிய ஸ்ரீரங்கப்பட்டணத்தில். திப்புவின் புதல்வர்களுள் பதினான்காமவர் என்று குறிக்கப்படுகிறார். அவர் பிறந்த காலத்தில் அந்த அரண்மனை, முன்பிருந்த அரண்மனையாக இல்லை. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு, கார்ன்வாலிஸ் பிரபுவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் பாதியை இழந்திருந்தார். நம் தமிழகத்துத் திண்டுக்கல்லும் பாரமகாலும் அப்போது கைமாறியவையே. அதன்மேல் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. அத்தொகைக்குப் பிணையாக அப்துல் காலிக், முயீஸுத்தீன் என்னும் இரு மைந்தர்களையும் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. விளையாட்டுப் பருவம் தாண்டாத அவ்விரு சிறுவர்களும் யானை மீதேற்றி ஆங்கிலேயர் பாசறைக்கு அனுப்பப்பட்ட காட்சியை ஆங்கில ஓவியர்கள் போட்டி போட்டுக்கொண்டு தீட்டினார்கள். கார்ன்வாலிஸ் கனிந்த முகத்துடன் சிறுவர்களின் கைகளைப் பற்றி நிற்பதாகவே அவ்வோவியங்கள் காட்டும். தந்தையின் முகம் அவற்றில் இல்லை. பிள்ளைகள் சென்னையில் வைக்கப்பட்டு, தவணைகள் செலுத்தப்பட்டபின் 1794ஆம் ஆண்டுதான் திரும்பினர். அடுத்த ஆண்டில் பிறந்தவர் குலாம் முஹம்மது. அண்ணன்மார் பிணையிருந்து மீண்ட கதை அவருக்குத் தாலாட்டுப் போலச் சொல்லப்பட்டிருக்கும் என்று நாம் ஊகிப்பதில் தவறில்லை.

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோட்டை மதிலில் உண்டான உடைப்பின் வழியே பகைப்படை நண்பகலில் புகுந்தது. சுல்தான் வாயிலருகே போரிட்டு மாண்டார். அன்றிரவு விளக்கொளியில் பிணக்குவியலிடையே அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. மறுநாள், தந்தை ஹைதர் அலி அடங்கியிருந்த கும்பஸ் என்னும் அடக்கத்தலத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். குலாம் முஹம்மதுக்கு அப்போது வயது நான்கு. தந்தையின் முகம் நினைவில் தங்கும் வயதா, தங்காத வயதா என்று சொல்ல இயலாத பருவம்.

இங்கே ஒன்றை நோக்க வேண்டும். திப்புவின் மக்களுக்கு அரசுரிமை இல்லை என்று முடிவு செய்த கம்பெனியார், பழைய உடையார் குலத்திலிருந்து ஒரு குழந்தையைத் தேடியெடுத்து அரியணையில் அமர்த்தினார்கள். அவரே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார். அப்போது வயது ஐந்து நிறையவில்லை. ஏறக்குறைய ஒரே வயதுடைய இரு குழந்தைகள்; ஒன்று மைசூரின் அரியணைக்கும் மற்றொன்று வேலூரின் சிறைக்கும் சென்றன. இருவருமே தம் விதியைத் தாமே தேர்ந்தவர் அல்லர். அரியணை ஏறிய குழந்தையிடமிருந்தும் 1831ஆம் ஆண்டு ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனியார் பறித்துக்கொண்டனர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

அவ்வாண்டில் செய்யப்பட்ட பங்கீட்டு உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. மைசூர் நிலங்களில் கம்பெனியார் தமக்கென எடுத்துக்கொண்ட பகுதியின் வருவாயிலிருந்து, ஹைதர், திப்பு ஆகியோரின் குடும்பங்களைப் பேணுவதற்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் நட்சத்திர வராகனுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும் என்பது அது. வாசகர்கள் இவ்விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் உபகாரச் சம்பளம் எனப் பெயர் பெற்றது இதுவே. லண்டனிலிருந்து வந்த கொடையன்று அது. மைசூர் உழவன் செலுத்திய வரியிலிருந்து, மைசூர் அரசரின் பிள்ளைகளுக்கு அளந்து கொடுக்கப்பட்ட பங்கு.

குடும்பத்தார் அனைவரும் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். அகன்ற அகழி சூழ்ந்த அக்கருங்கல் கோட்டையை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஜலகண்டேசுவரர் கோயிலும் ஒரு பள்ளிவாசலும் அதனுள் உள்ளன. ஹைதர் மஹால், திப்பு மஹால் என இன்றும் வழங்கும் கட்டடங்களில் அவர்கள் வைக்கப்பட்டனர். உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. பணியாட்களும் இருந்தனர். ஆனால் அவர்களுடைய வாழ்வு காவலர் கண்பார்வைக்குள் அடங்கியதாக இருந்தது. மைசூரிலிருந்து இக்குடும்பத்தைத் தொடர்ந்து வந்தோர் ஆயிரக்கணக்கில் கோட்டைக்கு வெளியே பேட்டைகளில் குடியேறினர். நான்கு வயதில் வந்த குழந்தை அந்த அகழிக்குள்ளேயே ஓதக் கற்று, எழுதக் கற்று, பதினொரு வயதை எட்டியது. வேலூர் வாழ்வு ஏழே ஆண்டுகள்தாம். எனினும் அவர் வாழ்வின் போக்கை முடிவு செய்தது அங்கே கழிந்த ஓர் இரவேயாகும்.

1805ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் படைத்தலைமை ஒரு புதிய ஆணை பிறப்பித்தது. சிப்பாய்கள் நெற்றியில் சமயச் சின்னம் இடலாகாது. காதில் கடுக்கன் அணியலாகாது. தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஆணைப்படி திருத்த வேண்டும். தோல் சேர்ந்த, தொப்பி போன்ற புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்பன அதன் கூறுகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருசேர மனம் புண்படும்படி ஆணை பிறப்பிப்பது அரிய திறமைதான். 1806 மே மாதத்தில் வேலூரில் மறுப்புத் தெரிவித்தவர்களுள் ஒரு முஸ்லிமுக்கும் ஓர் இந்துவுக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. அதன்பின் சிப்பாய்கள் வாய்திறந்து முறையிடவில்லை. உள்ளுக்குள் கூடிப் பேசலானார்கள்.

அவ்வீரர்களுள் நம் பகுதியினர் பலர் இருந்தனர் என்பது வரலாற்றாய்வாளர் கருத்து. திருநெல்வேலிச் சீமைப் பாளையங்கள் 1799லும் 1801லும் அழிக்கப்பட்டபின், வாளும் வேலும் ஏந்திப் பழகிய குடியினர் பிழைப்புக்காகக் கம்பெனிப் படையிலேயே சேர நேர்ந்தது. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த அதே 1799ஆம் ஆண்டில்தான். பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பியதும், பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் எழுந்து மீண்டும் வீழ்ந்ததும் 1801ஆம் ஆண்டில். இவற்றைக் கேட்டும் கண்டும் வளர்ந்த இளைஞர்கள் வேலூரில் காவல் நின்றார்கள் என்றால், உள்ளே இருந்த அரசகுடும்பத்தை அவர்கள் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பதை எழுதத் தேவையில்லை.

ஜூலை 9ஆம் நாள் அரண்மனையில் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். விருந்தினரும் ஊராரும் கோட்டைக்குள் வந்து போனார்கள். அன்றிரவு கழிந்து, ஜூலை 10 விடியும் முன் துப்பாக்கிகள் வெடித்தன. ஐரோப்பியர் தங்கியிருந்த விடுதிகள் சுடப்பட்டன. கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். அரண்மனையிலிருந்து எடுத்துவரப்பட்ட, புலிவரி பொறித்த மைசூர்க் கொடி மதில்மேல் ஏறியது. மூத்த இளவரசர் ஃபத்தே ஹைதர் அரசர் என முழங்கினார்கள். ஏறத்தாழ நூற்று முப்பது ஐரோப்பியர் அன்று மடிந்தனர்.

சில மணி நேரமே அந்தக் கொடி பறந்தது. பதினாறு கல் தொலைவில் ஆர்க்காட்டில் இருந்த கில்லெஸ்பி என்னும் தளபதி குதிரைப்படையுடன் விரைந்து வந்து, வாயிலை பீரங்கியால் தகர்த்து உட்புகுந்தார். பிறகு நடந்தது போரன்று, வேட்டை. மாண்ட சிப்பாய்கள் முந்நூற்றைம்பது பேர் என்பது குறைந்த கணக்கு. அதனினும் இரு மடங்குக்கு மேல் சொல்வாரும் உண்டு. விசாரணைக்குப் பின் சிலர் தூக்கிலும், சிலர் துப்பாக்கிக்கும், சிலர் பீரங்கி வாயிலும் உயிரிழந்தனர். ஃபத்தே ஹைதர் முன்வந்து தலைமை ஏற்கவில்லை என்பதால் அவர் உயிர் தப்பியது. அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று மாலைப் பொழுதுகளில் பேசுவது எளிது. உள்ளே மனைவி மக்களும், நூற்றுக்கணக்கான பெண்களும், பதினொரு வயதுத் தம்பியும் இருந்த ஒருவரின் நிலையில் நின்று பார்த்தால் அவ்வளவு எளிதன்று.

அரண்மனைக்குள் அந்தக் காலையை அச்சிறுவர் எவ்வாறு கழித்தார் என்பதற்கு ஏடு ஏதும் சான்று பகரவில்லை. ஒரே இரவில் திருமண மேளமும் பீரங்கியும் கேட்ட செவிகள் அவை என்பது மட்டும் உறுதி.

கம்பெனியார் ஆடை ஆணையைத் திரும்பப் பெற்றனர். சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் படைத்தலைவர் க்ரேடக்கும் 1807ஆம் ஆண்டு பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர். திப்புவின் மைந்தர்களோ, பழைய மைசூரோடு தொடர்பறும்படி, சென்னையிலிருந்து கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பெண்களில் பலர் வேலூரிலேயே தங்கினர். ஹைதரின் துணைவியார் பக்ஷி பேகம் அதே 1806ஆம் ஆண்டிலும், திப்புவின் துணைவியார் பாதுஷா பேகம் 1834ஆம் ஆண்டிலும் மறைந்து, கோட்டைக்குச் சற்று அப்பாலுள்ள மையவாடியில் அடங்கியுள்ளனர். வேலூர் செல்லும் நம்மவர் மருத்துவமனையோடு திரும்பிவிடாமல் அக்கபுருகளையும் சென்று காண்பது நலம்.

நாடு கடத்தல் என்பது எல்லார்க்கும் ஒரே அளவில் அமைவதில்லை. இதற்கு நம் கடற்கரையே சாட்சி. சிவகங்கைச் சின்ன மருது 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின், அவருடைய மகன் துரைசாமி, பதினைந்து வயது அளவினர், எழுபதுக்கு மேற்பட்ட கைதிகளுடன் 1802 பிப்ரவரியில் நமக்கு வடக்கேயுள்ள தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி அவரை அங்கே கண்டபோது, முப்பதைச் சற்றே தாண்டிய அம்மனிதர் முதியவர் போலத் தளர்ந்திருந்ததாகத் தம் நூலில் எழுதி வைத்துள்ளார். அவருக்கு உபகாரச் சம்பளம் இல்லை. ஏனெனில் அவர் தந்தைக்காக எந்த உடன்படிக்கையும் எழுதப்படவில்லை. குலாம் முஹம்மதுவின் வாழ்வைப் படிக்கும்போது இந்தத் துரைசாமியையும் அருகில் நிறுத்திப் பார்ப்பது நியாயம். இளவரசருக்குக் கிடைத்தது துன்பத்தில் சிறிய பங்கே.

கல்கத்தாவின் தென்பகுதியில், அக்காலத்தில் ரஸாபக்லா எனப்பட்ட டோலிகஞ்சுச் சதுப்பு நிலத்தில் இளவரசர்கள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களைக் கண்காணிக்கத் தனி அதிகாரி இருந்தார். அண்ணன்மார் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். குலாம் முஹம்மது வாலிபரானார், மணம் முடித்தார், மக்களைப் பெற்றார். அடுத்த முப்பதாண்டுகளில் வெளியுலகம் அறியத்தக்க நிகழ்ச்சி ஏதும் இல்லை. மொழி வேறு, மண் வேறு, மழை வேறு. பாரசீகமும் உருதுவும் தெரிந்த அக்குடும்பத்துக்கு வங்காளம் அயல்நாடே.

1840ஆம் ஆண்டு அவருக்கு நாற்பத்தைந்து வயது. தமக்குச் சேரவேண்டிய உதவித்தொகையில் நெடுநாள் நிலுவையாக நின்ற பணம் கம்பெனி இயக்குநர் சபையாரின் ஆணையால் அவ்வாண்டில் அவர் கைக்கு வந்தது. அரசிழந்த குலத்தவர் பலர் கையில் காசு வந்தால் என்ன செய்தார்கள் என்பதை அந்நாளைய வரலாறு அறியும்: நாட்டியம், மாளிகை, பந்தயக் குதிரை, பின்னர் கடன். குலாம் முஹம்மது அந்த வழியில் செல்லவில்லை. நகரின் மையத்தில், கவர்னர் ஜெனரலின் மாளிகையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், எல்லாச் சாலைகளும் கூடும் முனையில் பள்ளிவாசல் எழுப்பினார். டோலிகஞ்சிலும் அதே வடிவில் மற்றொன்றை எழுப்பினார்.

இந்த இடத்தேர்வை நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். தம் வீட்டருகே டோலிகஞ்சில் ஒன்று கட்டினால் குடும்பத்தின் தொழுகைக்குப் போதும். தர்மதலாவில் கட்டியது ஊருக்காக. அவ்வழியே கோச்சு வண்டியில் செல்லும் ஒவ்வொரு வெள்ளை அதிகாரியும் அதைக் கடந்தே செல்ல வேண்டும். ஊர்மக்கள் நாவில் அது திப்பு சுல்தான் பள்ளிவாசல் என்றே நிலைத்தது. எந்தப் பெயரை உச்சரித்து லண்டன் தாய்மார்கள் பிள்ளைகளை அச்சுறுத்தினார்களோ, அந்தப் பெயர் அவர்கள் கிழக்குத் தலைநகரின் நடுவில் தொழுகைக்கான இடத்தின் பெயராகிவிட்டது.

அதே பள்ளியில் ஒரு கல்வெட்டும் உண்டு. ஆக்லண்டு பிரபுவின் ஆட்சிக்காலத்தில், இறைவனுக்கு நன்றி செலுத்தும் முகமாகவும், 1840ஆம் ஆண்டு நிலுவைத் தொகையை வழங்கிய மதிப்பிற்குரிய இயக்குநர் சபையாரின் நினைவாகவும் இப்பள்ளியைத் திப்பு சுல்தானின் மகன் குலாம் முஹம்மது கட்டினார் என்பது அதன் கருத்து. இதைப் படிக்கும் எவருக்கும் மனம் நோகும். தந்தையைக் கொன்றவர்களுக்கு அல்லாஹ்வின் இல்லத்திலேயே நன்றிக் குறிப்பா என்று கேட்கத் தோன்றும். அக்கேள்வியை நாம் மூடி மறைக்க விரும்பவில்லை. நமக்கும் அந்த வாசகம் உவப்பானதன்று.

ஆயினும் இருபுறமும் நோக்க வேண்டும். கண்காணிப்பிலிருந்த ஒரு குடும்பத்தின் தலைவர், திப்புவின் பெயரைக் கல்லில் பொறித்து, நகரின் நடுவில் நிலைநாட்டுவதற்கு அதிகாரத்தாரின் முகச்சுளிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். சபையாருக்கு ஒரு வரி தந்து, தந்தையின் பெயருக்கும் இறையில்லத்துக்கும் காலம் முழுவதையும் பெற்றுக்கொண்டார் என்று கொள்வாரும் உண்டு. அவர் உள்ளத்தை அல்லாஹ் அறிவான். பணத்தைப் பற்றிய ஐயமும் சிலர்க்கு எழலாம். கம்பெனியாரின் காசு பள்ளிவாசலுக்கு ஆகுமா என்பர். மேலே நாம் குறித்த உடன்படிக்கை விதி இதற்கு விடை தருகிறது. அது திப்பு ஆண்ட நிலத்தின் வருவாய். திப்புவின் மகனுக்கு உரியது. உரியவர் கைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. நன்றி சொல்லத் தேவையில்லாத இடத்தில் நன்றி சொன்னார் என்று வேண்டுமானால் குறை கூறலாம். பணம் அயலாருடையது என்று கூறலாகாது. சந்தாப் பணம் எழுதிப் பள்ளி நடத்தும் நம்மனையோர், கொடுத்தவர் எவர், பணம் எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்ப்பவர்களாகையால் இதனை விரித்துரைத்தோம்.

1850களில் அவர் தம் மகன் பெரோஸ் ஷாவுடன் இங்கிலாந்து சென்றார். குடும்பத்தாரின் உரிமைகள் குறித்து முறையிடுவதற்கு அக்காலத்து இந்தியச் சிற்றரசர் பலர் செய்த பயணமே அது. விக்டோரியா அரசியாரின் அவையில் வரவேற்கப்பட்டார். வேங்கை ஒன்று வெள்ளைச் சிப்பாயைக் கீழே கிடத்திக் குதறுவது போலவும், உள்ளிருந்து உறுமலும் ஓலமும் எழும்படியும் திப்புவுக்காகச் செய்யப்பட்ட புகழ்பெற்ற மரப்பொறி, அந்நாளில் லண்டனில் கம்பெனியின் தலைமை மாளிகையிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. தந்தையின் அரண்மனைப் பொருள்களும் ஆயுதங்களும் கொள்ளைப் பங்காகப் பிரிக்கப்பட்டு ஆங்கிலேயர் மாளிகைகளில் தொங்கின. ஒரு மகன் அந்நகரத்தெருக்களில் நடந்தான் என்பதைச் சொல்லி மேலே செல்கிறோம். அதற்குமேல் சொல்ல நம்மால் இயலவில்லை.

லண்டனில் அவர் செய்த ஒரு செயல், பள்ளிவாசலுக்கு அடுத்து நாம் பெரிதும் மதிப்பது. ஆங்கிலேயர் எழுதிய நூல்களில் ஹைதரும் திப்புவும் கொடுங்கோலராக, மதவெறியராகவே சித்திரிக்கப்பட்டு வந்த காலம் அது. ஹைதரிடம் பணியாற்றிய மேஸ்த்ர் த லா தூர் என்னும் பிரெஞ்சுக்காரர் 1780களில் ஹைதரின் வரலாற்றை எழுதியிருந்தார். எழுபதாண்டுப் பழமையான அந்நூலைக் குலாம் முஹம்மது தேடியெடுத்து, திருத்தி, தந்தை திப்புவின் வரலாற்றையும் இணைத்து, 1855ஆம் ஆண்டு லண்டனிலேயே ஆங்கிலத்தில் வெளியிட்டார். முகப்பில் பாட்டனாரை ஹைதர் ஷா என்றே குறித்தார். தம்மைத் திப்பு சுல்தானின் எஞ்சிய ஒரே மகன் என்று குறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு அறுபது வயது. பகைவர் ஊரில், பகைவர் மொழியில், பகைவர் அச்சகத்தில் குடும்பத்தின் தரப்பைப் பதிய வைத்தார். புலிக்கொடி ஏந்துவது ஒருவகை. ஏடு அச்சிடுவது மற்றொரு வகை. இரண்டாவதற்குப் படை வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சியில் அக்குடும்பம் எழவில்லை. வேலூரில் ஒரு காலையில் கண்டதற்குப் பின் எழுவதற்கு அங்கே எவரும் எஞ்சவும் இல்லை. கம்பெனி ஆட்சி ஒழிந்து அரசியாரின் ஆட்சி வந்தது. முதுமையில் இந்திய நட்சத்திரம் என்னும் வீரத்திருத்தகை விருதும் அவருக்கு அளிக்கப்பட்டது. திப்புவின் மகன் சர் பட்டம் பெற்றார் என்பதைக் கேலிக்குரியதாக எண்ணுவோர்க்கு நாம் மறுமொழி சொல்லப் போவதில்லை. பட்டத்தை ஏற்றதை நாம் பெருமையாகவும் எழுதவில்லை. மெய்யாக நடந்தது ஆகையால் குறிக்கிறோம்.

முதியவரின் கவலை வேறாக இருந்தது. தமக்குப்பின் பிள்ளைகளும் பேரர்களும் பெருகி, சொத்து துண்டு துண்டாகி, பள்ளிகளுக்கு விளக்கெண்ணெய்க்கும் பாய்க்கும் வழியில்லாமல் போய்விடக் கூடாது என்பதே அது. அக்கவலையின் பயனே குலாம் முஹம்மது வக்ஃப். இரண்டு பள்ளிவாசல்களும், நகரின் தென்பகுதியில் அவர் சேர்த்திருந்த பரந்த நிலமனைகளும் அவ்வறத்தின்கீழ் வந்தன. முத்தவல்லிகள் வழி அது நடைபெறலாயிற்று. 1872ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இளவரசர் குலாம் முஹம்மது வஃபாத்தானார். திப்பு சுல்தானின் புதல்வர்களுள் கடைசியாக உயிரோடிருந்தவர் அவரே. மைசூர் அரியணையில் அமர்த்தப்பட்ட கிருஷ்ணராஜ உடையார் அவருக்கு நான்கு ஆண்டு முன்னர்தான் காலமாகியிருந்தார்.

பின்னர் நடந்தவை எல்லா வக்ஃபுகளிலும் நடப்பவையே. நகரம் தெற்கே வளர்ந்தது; சதுப்பாகக் கிடந்த டோலிகஞ்சு செல்வர் வாழும் பகுதியாயிற்று. ஆங்கிலேயர் 1895ஆம் ஆண்டு நிறுவிய டோலிகஞ்சு மன்றம் அக்குடும்பத்தின் பழைய மனையில்தான் அமைந்தது. நிலத்தின் மதிப்பு பன்மடங்கு பெருகியது. வாடகை அவ்வாறு பெருகவில்லை. வழக்குகள் நீண்டன. திப்புவின் வழித்தோன்றல்கள் சிலர் அதே நகரில் ரிக்‌ஷா இழுத்தும் சிறு கைத்தொழில் செய்தும் பிழைத்து வந்ததாக நாளேடுகள் பலமுறை எழுதியுள்ளன. கோடிக்கணக்கில் பெறுமானமுள்ள வக்ஃபின் வாசலில் வாகிஃபின் சந்ததியார் வறுமையில் நிற்பது, பத்திரம் எழுதியவரின் குற்றமன்று. பத்திரத்தை எழுதுவது ஒருவர் வாழ்நாளில் முடிந்துவிடும். வாடகைச் சீட்டைக் காலத்துக்கேற்பத் திருத்துவது ஒவ்வொரு தலைமுறையின் வேலை. நம் ஜமாஅத்தின் பொதுக்குழுவில் கடை வாடகை பற்றிப் பேச்செழும்போது முகம் சுளிப்போர் இதனைக் கருதுவார்களாக.

1980களில் கொல்கத்தாவில் சுரங்க ரயிலுக்காகப் பூமியைத் தோண்டியபோது தர்மதலாப் பள்ளியின் கட்டடத்துக்குச் சேதம் நேர்ந்தது. ஊர்மக்கள் குழு அமைத்துப் போராடி, சேதமுற்ற பகுதி செப்பனிடப்பட்டது. தென்கொல்கத்தாவில் இளவரசர் குலாம் முஹம்மது ஷா சாலை என்று ஒன்றும், அக்குடும்பத்தவராகிய அன்வர் ஷாவின் பெயரில் மற்றொன்றும் உள்ளன. பின்னது பெருஞ்சாலை, பேருந்துகள் இடைவிடாது ஓடுவது. நம்மவர் எவரேனும் அந்நகர் சென்றால் தர்மதலாவில் ஒரு வக்து தொழுதுவிட்டு, டோலிகஞ்சு சென்று, பார்வையாளர் அதிகம் வராத அந்த இரட்டைப் பள்ளியிலும் ஒரு வக்து தொழுது வரலாம். இரண்டுக்கும் இடையே இப்போது சுரங்க ரயிலிலேயே போய்விடலாம்.